நாற்பத்தொன்றாவது பிரதி

மெசைமீர் வளாகத்து வாசலில்
பை கதிர்ப்பெட்டிக்குள் போனபோது
திரையில் தெரிந்தவை
டிபன்பாக்ஸ், சாவிக்கொத்து,
நாற்பது ஸ்டேப்ளர் பின்கள்.
எழுத்துக்கு நிழல் விழாது போலிருக்கிறது.
காவலர் போ என்றார்.

வெளியே சிலுவை இல்லை. மணி இல்லை.
தோஹாவில் வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு.
கொங்கணி முடிந்து நாற்காலி சூடு ஆறுமுன்
தமிழ்ப் பூசை,
பின்னால் சிங்களம் வரிசையில் நிற்கும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கட்டுரை எழுதுகிறவர்கள் மூன்று பேர்.
நான் திருத்துகிறவன்.
அளவையர் வேலை; சிமெண்டு மூட்டையும் எண்ணுவேன்,
காற்புள்ளியும் எண்ணுவேன்.

லெயோன் கர்டோசா கிரேன் ஓட்டுகிறார்.
காற்று அடங்கக் காத்திருக்கும் நேரத்தில்
எண்பது மீட்டர் உயரத்தில்
டைம்ஷீட்டின் பின்பக்கம் எழுதியது:
"லெபனான்காரர்கள் பூசையில் அல்லா என்கிறார்கள்.
முதல் நாள் திடுக்கென்றது.
நம் பழைய செபப்புத்தகத்தில்
சர்வேசுரன் என்றுதானே இருந்தது?
அந்த ஈசுரன் எந்தத் தெருவிலிருந்து வந்தான்?
சொல்லுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள்
பழைய பெயரை அழிக்கவில்லை, பார்த்தீர்களா."

சூசைமரியான், ஏசி மெக்கானிக்,
கல்வி என்பது யாதென ஒன்பது பக்கம் எழுதி
பதிலை விட்டுவிட்டார்.
கேட்டால்,
"அதான் ஒன்பது பக்கம் இருக்கே" என்கிறார்.

வியாகுலம் கொடுத்தது ஒரே பக்கம்.
தீவிரப் பிரிவில் இரவு நர்ஸ்.

"ஏழாம் கட்டில். சிட்டகாங்காரர்.
முகமூடியை விலக்கிச் சொன்னது ஒரு சொல்: கிப்லா.
சக்கரப் பூட்டை எடுத்துக் கட்டிலைத் திருப்பினேன்,
ஆக்சிஜன் குழாய் எட்டியவரை.
இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்டார்.
மிச்சத்தைத் தலையணை வைத்துத் திருப்பினேன்.
கையைப் பிடித்து அருள்நிறைந்த மரியே சொன்னேன்.
எந்தத் திசை பார்த்து வேண்டினேன், தெரியாது."

கடைசி வரியை அடித்தேன்.
'இறைவன் எங்கும் நிறைந்தவர்' என்று முடித்தேன்.
பொய்யில்லை அது.
அவள் சொன்னதும் இல்லை.

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம்.
கம்பெனி ஜெராக்ஸில் நாற்பது பிரதி,
ஆளில்லா நேரத்தில், என்றேன்.
கோவாக்காரச் சாமியார் கொஞ்சம் யோசித்தார்.
"ஒரு கட்டுத் தாள் வாங்கி அலமாரியில் வை.
பிறகு உன் காசில் எனக்கொரு பிரதி."
"தமிழ் வாசிப்பீங்களா, பாதர்?"
"இல்லை.
நற்கருணையைக்கூடப் புரிந்துகொண்டா ஏந்துகிறேன்?"

அடித்த வரியைப் பற்றி நான் சொல்லவில்லை.
அது பாவக்கணக்கில் வரும் என்று
அப்போது தோன்றவில்லை.

தேநீர் மேசையருகே நின்றபடியே
வியாகுலம் தன் பக்கத்தைப் படித்தாள்.
நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.
"அவர் முக்கால் திருப்பம்தான் திரும்பினாரு, அண்ணா.
நீங்க முழுசாத் திருப்பிட்டீங்க."
டூட்டி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

கைநீட்டிக் கேட்டு வாங்கினேன், ஒவ்வொருவரிடமும்.
முப்பத்திரண்டு திரும்பி வந்தன.
மற்றவை அதற்குள்
வக்ராவுக்கும் அல்கோருக்கும் பஸ் ஏறிவிட்டன,
என் முடிவோடு.

இரவு, இண்டஸ்ட்ரியல் ஏரியா அறையில்,
மேல்கட்டிலில் நேபாளி குறட்டை.
நீலப் பேனாவால் என் வரியை அடித்து
ஓரத்தில் அவள் வரியை எழுதினேன்.
பத்தாவதில் விரல் வலித்தது.
இருபதுக்குமேல்
நான் எழுதுகிறேனா, செபமாலை உருட்டுகிறேனா
என்று குழம்பிவிட்டது:
தெரியாது, தெரியாது, தெரியாது.

சாமியாருக்கான பிரதி கடைசி.
தமிழ் தெரியாதவர்தானே,
கிறுக்கினாலும் கேட்கமாட்டார்.
புதுப் பேனா எடுத்தேன்.
அதில்தான் என் கையெழுத்து
ஒழுங்காக விழுந்தது.